மகளிர் டென்னிஸ்: தகுதிச் சுற்றிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

சென்னை ஓபன் மகளிர் ஒற்றையர் போட்டி 2025 நவம்பர் 2 ஆம் திகதி முடிந்தது. அதன்பிறகு யாழ்ப்பாணத்தின் நாலு திக்கிலிருந்தும் எனக்குக் கேள்விகள் வந்து சேர்ந்துவிட்டன. கிரிக்கெட்டும் உதைபந்தும் கதைக்கிற ஊரில் பெண்களின் டென்னிஸைப் பற்றி இத்தனை பேர் கேட்பதே பெரிய சந்தோஷம். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த விளையாட்டைப் பின்தொடர்கிறேன், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பழக்கியும் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோண்டாவில், உயர்தர மாணவி: அக்கா, சென்னையில் வென்ற ஜனிஸ் ஜென் யார்? இந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

நீ மட்டும் இல்லைத் தங்கச்சி, ஒரு வருடத்துக்கு முன் டென்னிஸ் பார்க்கிறவர்களிலும் பெரும்பாலானோருக்குத் தெரியாது. ஜனிஸ் ஜென் இந்தோனேசியப் பெண். அமெரிக்காவில் பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே கல்லூரி டென்னிஸ் விளையாடியவர். படிப்பை முடித்துவிட்டுத்தான் தொழில்முறைப் போட்டிகளுக்கு முழுமூச்சாக வந்தார். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் (ஐ.ரி.எப்.) சின்னச் சின்னப் போட்டிகளில் வென்று வென்று மேலே ஏறினார்.

2025 ஓகஸ்டில் நியூயோர்க் அமெரிக்க ஓபனில், தரவரிசையில் பின்னால் இருப்பவர்கள் இடம்பிடிப்பதற்காக ஆடுகிற தகுதிச் சுற்றின் மூன்று ஆட்டங்களையும் வென்று பிரதான சுற்றுக்குள் நுழைந்தார். அங்கே முதல் ஆட்டத்திலேயே ரஷ்யாவின் வெரோனிக்கா குடர்மெட்டோவாவைத் தோற்கடித்தார். அடுத்த மாதம் பிரேசிலின் சாவோ பாவுலோவில் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றார். அதற்கடுத்து சென்னை. இறுதியில் அவுஸ்திரேலியாவின் கிம்பர்லி பிரெல்லை 6-4, 6-3 என்று வென்றார் (பொதுவாக ஆறு கேம் எடுத்தால் ஒரு செற், இரண்டு செற் எடுத்தால் வெற்றி). 2002 இல் அஞ்சலிக் விஜாயா வென்ற பிறகு இந்தோனேசியப் பெண் ஒருவர் மகளிர் டென்னிஸ் சங்கத்தின் (டபிள்யூ.ரி.ஏ.) ஒற்றையர் பட்டம் வெல்வது இதுதான் முதல் தடவை. 23 வருடம்!

பெரிய போட்டிகளின் இறுதி நாளை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இப்படியான பெண்கள் கண்ணில் படுவதே இல்லை. அதனால்தான் பிள்ளைகளுக்கு எப்போதும் சொல்வேன், தகுதிச் சுற்றிலிருந்து பாருங்கள், அங்கே ஒரு பெயரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று. நான் ஜென்னைப் பிடித்தது நியூயோர்க் தகுதிச் சுற்றில். சென்னையில் அவர் கிண்ணத்தைத் தூக்கியபோது எங்கள் வீட்டுப் பிள்ளை வென்றது மாதிரி இருந்தது.

மானிப்பாய், கணக்கியல் மாணவன்: 250, 500, 1000 என்று போட்டிகளுக்கு எண் போடுகிறார்களே, அது பரிசுக் காசா?

இல்லைத் தம்பி, வெல்கிறவருக்குக் கிடைக்கும் தரவரிசைப் புள்ளி. சென்னை ஓபன் 250 வகை, பட்டம் வென்றால் 250 புள்ளி. அவுஸ்திரேலிய ஓபன், பாரிஸில் நடக்கிற பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் என்ற நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்களில் வென்றால் 2000, இறுதியில் தோற்றால் 1300. புள்ளிகள் 52 வாரங்கள்தான் கணக்கில் நிற்கும். அடுத்த வருடம் அதே வாரம் வந்ததும் பழைய புள்ளி கழிந்துவிடும், அந்த இடத்தை நிரப்ப மறுபடி வெல்ல வேண்டும். ஒற்றையரில் மிகச் சிறந்த 18 போட்டிகள்வரை கூட்டுவார்கள். நீ கணக்கியல் படிக்கிறாய், வரவும் கழிவும் உனக்கு எளிதாக விளங்கும். காயப்பட்டு நாலு மாதம் வீட்டில் இருந்த ஒருத்தியின் பெயர் பட்டியலில் ஏன் அப்படிச் சரிகிறது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

நல்லூர், ஓய்வுபெற்ற ஐயா ஒருவர்: சபலெங்கா, ஸ்வியாடெக் போன்ற முன்னணி வீராங்கனைகள் சென்னைக்கு வருவதில்லையே. இரண்டாம் தரப் போட்டியை ஏன் இவ்வளவு கொண்டாட வேண்டும் பிள்ளை?

ஐயா, இரண்டாம் தரம் என்ற சொல்லை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2022 செப்டெம்பரில் இதே நுங்கம்பாக்கம் அரங்கில் என்ன நடந்தது என்று சொல்கிறேன், பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

அந்த வருடம்தான் சென்னைக்கு முதன்முதலாக மகளிர் டபிள்யூ.ரி.ஏ. போட்டி வந்தது. 32 பேர், ஐந்து சுற்று, மொத்தப் பரிசு 251,750 டொலர். இறுதியில் செக் நாட்டின் லிண்டா ஃப்ருவிர்டோவா, போலந்தின் மக்டா லினெட்டை 4-6, 6-3, 6-4 என்று வென்றார். லிண்டாவுக்கு அப்போது வயது 17. எங்கள் ஊரில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற வயது. அவருடைய முதல் பட்டம் அது.

நான்கு மாதம் கழித்து மெல்பேர்னில் அவுஸ்திரேலிய ஓபன். லிண்டா நாலாவது சுற்று வரை போனார். சென்னையில் தோற்ற லினெட்டோ அரையிறுதிக்கே போய்விட்டார், அதுவரை கிராண்ட்ஸ்லாமில் மூன்றாவது சுற்றைத் தாண்டாதவர், 30 வயதில்! செப்டெம்பரில் சென்னையின் புழுக்கத்தில் மூன்று செற் மல்லுக்கட்டிய இரண்டு பேரையும் ஜனவரியில் உலகமே பார்த்தது. சென்னையில் அவர்களைப் பார்த்தவர்கள் நாலு மாதம் முன்னமே பார்த்துவிட்டார்கள்.

பெரிய பெயர்கள் ஒரே நாளில் பெரிய பெயர்கள் ஆவதில்லை ஐயா. 250 வகைப் போட்டிகளில்தான் அந்தப் படிகள் இருக்கின்றன. பாடசாலை அணியில் பன்னிரண்டாவது ஆளாக நின்ற பையன் பிறகு வடக்கின் பெருஞ்சமரில் சதம் அடிக்கும்போது, அவனை ஒழுங்கைக் கிரிக்கெட் காலத்திலிருந்தே தெரிந்தவர்களுக்கு ஒரு தனிப் பெருமை இருக்கும். அந்தப் பெருமை இதிலும் உண்டு.

கொக்குவில், இளம் தாய்: பிள்ளை பெற்ற பிறகு திரும்பி வருகிறவர்களுக்குத் தரவரிசை போய்விடாதா அக்கா?

முன்பு பெரிய அநியாயமாகத்தான் இருந்தது. செரீனா வில்லியம்ஸ் குழந்தை பெற்றுவிட்டு 2018 இல் திரும்பியபோது பிரெஞ்சு ஓபன் அவருக்குச் சீட் கொடுக்கவில்லை. சீட் என்றால், பலமானவர்கள் ஆரம்பத்திலேயே ஒருவரோடொருவர் மோதாதபடி அட்டவணையில் பிரித்து வைக்கிற ஏற்பாடு. அதன்பிறகு எழுந்த விவாதத்தில் விதி மாறியது. இப்போது குழந்தை பிறந்து மூன்று வருடத்துக்குள் திரும்புகிறவர், தன்னுடைய பழைய தரவரிசையைக் காட்டிக் குறிப்பிட்ட எண்ணிக்கையான போட்டிகளில் நுழையலாம்.

ஜெர்மனியின் டாட்யானா மரியாவைத் தேடிப் பாருங்கள் தங்கச்சி. இரண்டு பெண் பிள்ளைகளின் தாய், கணவரே பயிற்சியாளர். முதல் பிள்ளை பிறந்த பிறகு தன்னுடைய பக்ஹாண்டை (ரக்கெற் பிடிக்கிற கைக்கு மறுபக்கம் வரும் பந்தை அடிக்கிற அடி) இரண்டு கையிலிருந்து ஒரு கைக்கு மாற்றினார். வளர்ந்த பிறகு எழுதுகிற கையை மாற்றுவது எவ்வளவு கடினமோ அவ்வளவு கடினம் அது. இரண்டாவது பிள்ளை 2021 ஏப்ரலில் பிறந்தது. 2022 யூலையில் விம்பிள்டன் அரையிறுதியில் நின்றார். அதே வருடம் சென்னைக்கும் வந்து விளையாடினார். 2025 யூனில் லண்டன் குவீன்ஸ் கழகத்தில், அரை நூற்றாண்டுக்குப் பிறகு நடந்த மகளிர் போட்டியில், தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கிப் பட்டத்தையே வென்றார். 37 வயதில். பந்தை வெட்டி வெட்டித் தாழ்வாக அனுப்புவார், புல்லில் அது எழும்பவே எழும்பாது. இளம் பிள்ளைகள் குனிந்து குனிந்து களைத்துப் போவார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆட்டக்காரி அவர்.

உரும்பிராய், விவசாயி ஒருவர்: பாரிஸ் போட்டி சிவப்பு மண்ணில் நடக்கிறதே, அது எங்கள் செம்மண் மாதிரித்தானா?

பார்வைக்கு அப்படித்தான் அண்ணா, ஆனால் அது மண் இல்லை. செங்கல்லை மாவாக இடித்து, சுண்ணாம்புக்கல் படுக்கைக்கு மேலே ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மட்டும் தூவியிருக்கிறார்கள். பந்து அதில் விழுந்ததும் வேகம் குறைந்து உயரமாக எழும்பும், அதனால் ஒரு புள்ளிக்கே இருபது தடவை அடிக்க வேண்டி வரும். விம்பிள்டன் புல் 8 மில்லிமீற்றர் உயரத்துக்கு வெட்டப்படுகிறது, அங்கே பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாக ஓடும்.

நல்லூர் ஐயாவே மறுபடியும்: ஆண்கள் கிராண்ட்ஸ்லாமில் ஐந்து செற் ஆடுகிறார்கள். பெண்கள் மூன்று. பரிசுக் காசு மட்டும் சமம். இது நியாயமா?

இந்தக் கேள்வி ஒவ்வொரு யூலையும் வரும் ஐயா. கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்லப்போகிறேன்.

1970 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் ஒரு போட்டி. ஆண்கள் பட்டத்துக்கு 12,500 டொலர், பெண்கள் பட்டத்துக்கு 1,500. அப்போது பில்லி ஜீன் கிங் உட்பட ஒன்பது பெண்கள் அதைப் புறக்கணித்து, ஹூஸ்டனில் தனியாக ஒரு போட்டியில் ஆட ஆளுக்கு ஒரு டொலர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள். தங்கள் சங்கங்கள் தடை செய்யும் என்று தெரிந்தே வைத்தார்கள். 1973 இல் டபிள்யூ.ரி.ஏ. பிறந்தது, அந்த வருடமே அமெரிக்க ஓபன் சம பரிசு கொடுத்தது. விம்பிள்டன் கொடுக்க 2007 வரை ஆனது. 34 வருட இடைவெளி.

2005 விம்பிள்டன் இறுதிக்கு முதல் நாள் வீனஸ் வில்லியம்ஸ் கிராண்ட்ஸ்லாம் பொறுப்பாளர்களின் கூட்டத்துக்குப் போய், கண்களை மூடிக்கொள்ளச் சொல்லி, உங்கள் மகள் இந்த இடத்தில் நின்றால் என்ன நினைப்பீர்கள் என்று கேட்டார். மறுநாள் லின்ட்சே டேவன்போர்ட்டுடன் 2 மணி 45 நிமிடம் ஆடி 4-6, 7-6, 9-7 என்று வென்றார். ஒரு கட்டத்தில் தோல்வியின் விளிம்பில், இன்னும் ஒரேயொரு புள்ளி போனால் எல்லாம் முடிந்தது என்ற நிலையில் நின்று மீண்டார். 2007 இல் முதல் சம பரிசு வந்தபோது அதை வாங்கியவரும் அவரேதான்.

ஐந்து செற் பெண்களால் முடியாது என்பதும் சரியில்லை. வருட முடிவுப் போட்டியின் மகளிர் இறுதி ஆட்டம் 1984 முதல் 1998 வரை ஐந்து செற் முறையில்தான் நடந்தது. 1990 இல் மொனிக்கா செலஸ், கப்ரியேலா சபாட்டினியை 6-4, 5-7, 3-6, 6-4, 6-2 என்று வென்ற ஆட்டம் முழுதாக ஐந்து செற்றும் போனது. செற் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது போட்டி நடத்துகிறவர்கள், ஆடுகிறவர்கள் இல்லை. கச்சேரிக்கு நேரக்கணக்குப் பார்த்து மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்றா நாதஸ்வர வித்துவானுக்குக் கொடுக்கிறோம்?

காசைப் பற்றிக் கேட்டதால் இதையும் பாருங்கள். 2022 சென்னையில் ஐந்து ஆட்டம் வென்று பட்டம் எடுத்த லிண்டாவுக்குக் கிடைத்தது 33,200 டொலர். 2025 அமெரிக்க ஓபனில் முதல் சுற்றிலேயே தோற்றவருக்கு 110,000. எனக்கு உறுத்துகிற இடைவெளி இதுதான். பயிற்சியாளர், விமானம், விடுதி எல்லாம் தன் கைக்காசு, அதற்குள் வருடத்துக்கு இருபது நாடு சுற்ற வேண்டும்.

சுன்னாகம், தபால் ஊழியர்: "லக்கி லூசர்" என்று ஒருவரை அறிவித்தார்களே, தோற்றவருக்கு என்ன அதிர்ஷ்டம்?

தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர் அவர். பிரதான சுற்றில் யாராவது காயத்தால் விலகினால் அந்த வெற்றிடத்துக்கு அழைப்பார்கள். 2019 இல் ஒஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 15 வயதுக் கோகோ கோஃப் தகுதிச் சுற்றில் தோற்றார், மரியா சக்காரி விலகியதால் உள்ளே வந்தார், அந்தப் போட்டியையே வென்றார். அதனால்தான் தோற்றவர்கள் உடனே ஊருக்குப் பெட்டி கட்டாமல் அரங்கிலேயே காத்திருக்கிறார்கள்.

சாவகச்சேரி, ஒரு அம்மா: என் மகள் 5 அடி 3 அங்குலம். டென்னிஸுக்கு உயரம் காணாது என்று ஒருவர் சொல்லிவிட்டார். விட்டுவிடவா?

விடவேண்டாம் அம்மா! எங்கள் தர்ஜினி சிவலிங்கம் 2.08 மீற்றர் உயரத்தோடு வலைப்பந்தில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர். அதைப் பார்த்து வளர்ந்த ஊர் என்பதால் உயரமே எல்லாம் என்ற எண்ணம் இங்கே கொஞ்சம் கூடுதல். வலைப்பந்தில் வளையம் மேலே இருக்கிறது. டென்னிஸில் வலை நடுவில் 3 அடிதான்.

இத்தாலியின் ஜாஸ்மின் பவுலினி ஏறக்குறைய உங்கள் மகளின் உயரம்தான். 2024 இல் பாரிஸ் இறுதியும் விம்பிள்டன் இறுதியும் ஆடினார். மூன்று கிராண்ட்ஸ்லாம் வென்ற ஆஷ்லி பார்ட்டி 166 சென்ரிமீற்றர். உயரமானவர்களுக்கு சேர்வில், அதாவது புள்ளியைத் தொடக்கி வைக்கிற அடியில், ஒரு வசதி உண்டு, பந்து மேலிருந்து கீழே இறங்கும். உயரம் குறைந்தவர்கள் கால்வேகத்திலும், பந்து உச்சிக்கு எழும்புமுன்பே அடிக்கிற பழக்கத்திலும் அதை ஈடுகட்டுகிறார்கள். மகளுக்கு ஸ்கிப்பிங் கயிறு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

காரைநகர், மீன்பிடித் தொழிலாளி: இலங்கை நேரப்படி எந்த ஆட்டம் எப்போது?

அவுஸ்திரேலிய ஓபன் பகல் ஆட்டங்கள் விடிய 5.30 இற்குத் தொடங்கும், மகளிர் இறுதி பின்னேரம் 2 மணி. பாரிஸ் இறுதி மாலை 6.30. விம்பிள்டன் இறுதி 2025 இலிருந்து இரவு 8.30. நியூயோர்க் இறுதி மட்டும் நள்ளிரவு தாண்டி 1.30, கடலுக்குப் போகிற நேரத்தோடு ஒத்துவரலாம். சென்னைக்கும் எங்களுக்கும் ஒரே நேரம்.

திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவர்கள் மூவர்: அடுத்த தடவை சென்னைக்கே போய்ப் பார்க்கலாமா?

கட்டாயம் போங்கள். பலாலியிலிருந்து சென்னைக்கு ஒரு மணித்தியாலம் சொச்சத்தில் விமானம் போகிறது, கொழும்புக்கு பஸ்ஸில் போகிற நேரத்தில் கால்வாசிகூட இல்லை. இந்திய விசாவை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். இறுதி நாளுக்கு மட்டும் டிக்கெற் எடுக்காதீர்கள், முதல் இரண்டு நாட்களில் போனால் பக்கத்துக் களங்களில் வேலியோரம் நின்று ஆட்டக்காரர்களின் மூச்சுச் சத்தம் கேட்கும் தூரத்தில் பார்க்கலாம். ஐப்பசியில் நடந்தால் குடை வேண்டும். 2025 இலும் மழை வந்து குறுக்கே நின்றது.

மல்லாகம், ஒரு சகோதரி: 2025 விம்பிள்டன் இறுதியில் அனிசிமோவா 6-0, 6-0 என்று தோற்றதைப் பார்த்து அழுதுவிட்டேன். அப்படி ஒரு தோல்விக்குப் பிறகு எப்படி மீள்வது?

நானும் அந்த இரவு சரியாக நித்திரை கொள்ளவில்லை. விம்பிள்டன் மகளிர் இறுதியில் ஒரு கேம்கூட எடுக்காமல் தோற்பது 1911 இற்குப் பிறகு அதுதான் முதல் தடவை. ஸ்வியாடெக் 57 நிமிடத்தில் முடித்துவிட்டார். அமண்டா அனிசிமோவா மேடையில் கண்ணீரோடு நின்று தன் தாய்க்கு நன்றி சொன்னார்.

இரண்டு மாதம்கூடக் கழியவில்லை. அமெரிக்க ஓபன் காலிறுதியில் அதே ஸ்வியாடெக் எதிரே வந்தார். அனிசிமோவா 6-4, 6-3 என்று வென்றார்! அதற்கு முதல் நாள் அந்த விம்பிள்டன் ஆட்டத்தின் காணொளியைத் தானாகவே திரும்பப் பார்த்தாராம், எங்கே கால் தயங்கியது என்று கண்டுபிடிக்க. இறுதிக்குப் போய் சபலெங்காவிடம் 6-3, 7-6 என்று தோற்றார், ஆனால் நான் இப்போதும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவது அந்தக் காலிறுதியைத்தான்.

பருத்தித்துறை, 14 வயது மாணவி: ரீச்சர், எங்கள் பள்ளிக்கூடத்தில் டென்னிஸ் களம் இல்லை. நானும் டபிள்யூ.ரி.ஏ. போட்டியில் ஆட முடியுமா?

உனக்கு உண்மையைத்தான் சொல்ல வேண்டும் பிள்ளை. தொழில்முறையில் மேலே இருப்பவர்களில் பெரும்பாலானோர் ஐந்து, ஆறு வயதில் தொடங்கியவர்கள். பதினான்கு பிந்தித்தான். கோயம்புத்தூர்ப் பெண் மாயா ராஜேஷ்வரன் 15 வயதில் மும்பையில் 250 வகைக்கு ஒரு படி கீழேயுள்ள டபிள்யூ.ரி.ஏ. 125 போட்டியில் அரையிறுதி ஆடினார், அவரும் சின்ன வயதிலேயே தொடங்கியவர். ஆனால் ஜென் போன கல்லூரி வழி ஒன்று இருக்கிறது. படிப்பும் ஆட்டமும் சேர்ந்தே போகிற வழி, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நன்றாக ஆடுகிறவர்களுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கின்றன. அதற்கு உனக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது.

வரிசை இப்படி. முதலில் கொழும்பில் இலங்கை டென்னிஸ் சங்கம் நடத்துகிற வயதுப் பிரிவுப் போட்டிகள். பிறகு 18 வயதுக்குட்பட்ட சர்வதேசப் போட்டிகள். அப்புறம் மகளிர் ஐ.ரி.எப். போட்டிகள், ஆகக் கீழே மொத்தப் பரிசு 15,000 டொலர் உள்ளது. அங்கே முதல் சுற்றில் தோற்றால் கிடைப்பது விடுதி வாடகைக்கே காணாது. மூன்று போட்டிகளில் புள்ளி எடுத்தால், அல்லது மொத்தம் பத்துப் புள்ளி சேர்ந்தால், டபிள்யூ.ரி.ஏ. பட்டியலில் உன் பெயர் வரும். எங்கள் மண்ணிலிருந்து ஒரு பெயர் அங்கே வருவதைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று சொல்லத் தெரியவில்லை.

களம் இல்லாததற்கு என்ன செய்யலாம்? என் முதல் ரக்கெற் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டது. திரும்பி வந்தபிறகு யாரோ தந்த பழைய ரக்கெற்றோடு, கூரை இல்லாத ஒரு வீட்டின் சுவரில்தான் மறுபடி தொடங்கினேன். நீயும் ஒரு நல்ல சுவரைப் பிடி. தரையிலிருந்து 3 அடி உயரத்தில் கரித்துண்டால் ஒரு கோடு இழு, அதுதான் வலை. கோட்டுக்கு ஒரு முழம் மேலே படும்படி போர்ஹாண்ட் ஐம்பது, பக்ஹாண்ட் ஐம்பது, தவறினால் ஒன்றிலிருந்து எண்ணு. சேர்வுக்குப் பந்தை மேலே எறிவதை மட்டும் ரக்கெற் இல்லாமல் தினமும் ஐம்பது தடவை பழகு, எறிந்த பந்து உன் முன்காலுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். ஒரு மாதம் இப்படிச் செய்துவிட்டு எழுது, அடுத்த பயிற்சியைச் சொல்கிறேன். கொழும்பில் முதல் போட்டி ஆடியதும் ஸ்கோரை எனக்கு அனுப்பு. 6-0, 6-0 என்று தோற்றிருந்தாலும் அனுப்பு.